வெள்ளைக் குச்சி நட்ட நிலம்

இன்று காலை சமையலறை ஜன்னலைத் திறந்ததும் கறுப்பு மண்ணின் வாடை உள்ளே வந்தது. மம்பாவில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு சீனக் கிழவர் வெகுகாலமாகக் கீரை போட்டு வந்த தாழ்வான நிலத்தை இயந்திரம் வைத்துத் தோண்டுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போட்டபடியே சொன்னாள்: "அது விவசாய நெலம்னு இருந்துச்சாம் அக்கா. இப்ப வீடு கட்டுற நெலம்னு மாத்திட்டாங்களாம். ஆபிஸ்ல எல்லாம் முடிஞ்சு போச்சு."

அழுகிய இலையும் துருவேறிய தண்ணீரும் கலந்த அந்த வாடை என்னை நம் ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டது. நீ கண்ணை மூடிய பிறகு உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று என்னிடமே தங்கிப்போயிருக்கிறது. அதைச் சொல்லும் முன் பழையதையும் கொஞ்சம் பேசிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

லுக்குட்டிலிருந்து உள்ளே போகும் செம்மண் பாதையின் கடைசியில் இருந்தது நம் பழைய லயம். உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். நீ இருமினால் என் பிள்ளை விழித்துக்கொள்ளும். வெட்டிய ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும் இரண்டு பேரும் மண்வெட்டியோடு ஆற்றங்கரைக்கு இறங்கிவிடுவோம். வெண்டை, கத்தரி, முளைக்கீரை, வரப்பு ஓரமெல்லாம் மரவள்ளி. யாருடைய நிலம் என்று யாரும் கேட்டதில்லை. ஜப்பான்காரன் காலத்தில் நம்மைச் சாகாமல் வைத்திருந்தது அந்த மரவள்ளிதான் என்று நீ அடிக்கடி சொல்வாய். செடியைக் கடந்து போகும்போது அதன் தண்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகும் பழக்கம் உனக்கு இருந்தது.

அப்புறம் மலாயா முழுக்க அவசரகாலம் வந்தது. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி சோறுகூடப் போய்ச் சேரக் கூடாது என்பதிலிருந்துதான் எல்லாச் சட்டமும் கிளம்பியது. தூரத்து லயங்களில் இருந்த நம்மை எல்லாம் பெரிய பங்களாவுக்கும் பால் ஸ்டோருக்கும் பக்கத்தில் கொண்டுவந்து குவித்தார்கள். சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். ஆற்றங்கரை வேலிக்கு வெளியே போய்விட்டது. வேலை நேரம் தவிர வேறு நேரத்தில் அந்தப் பக்கம் காலை வைத்தாலே குற்றம். மரவள்ளியை நம் கையாலேயே வெட்டச் சொன்னார்கள். மாத்தா துப்பாக்கியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். போலீசை நாம் அப்படித்தானே சொல்வோம். நீ குனிந்து வெட்டினாய். வெட்டி முடித்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "மேல வெட்டச் சொன்னான், வெட்டிட்டோம். கிழங்கு மண்ணுக்குள்ளதானே இருக்கு" என்றாய். அந்தக் கிழங்கு பின்னால் என்ன செய்யப் போகிறது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

விடிந்ததும் கேட்டில் நிற்கும் பெண் மாத்தா நம் மடியைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவாள். சோறு கொண்டுபோகக் கூடாது. தேத்தண்ணி கொண்டுபோகலாம், சீனி இல்லாமல். அரிசியை அளந்துதான் கொடுத்தார்கள். காய்கறி லாரி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. என் மூத்தவளுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். உன் கடைசிப் பையனுக்கும் அப்படித்தான். நீ என் மகளின் காலை உன் மடியில் வைத்து அழுத்திப் பார்த்தாய்.

வேலிக்குள் கீழ்ப்பக்கமாக ஒரு பள்ளமான நிலம் இருந்தது. எப்போதும் ஈரமாகவே இருக்கும். அங்கே புது லயம் கட்ட அளந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, நீ என்னையும் கூட்டிக்கொண்டு ஆபிஸுக்குப் போனாய். வெள்ளைக்காரத் துரை மேசைக்குப் பின்னால் இருந்தார். ஆபிஸில் கணக்கு எழுதும் கிராணி இடையில் நின்று பேசினார்.

"உனக்கு என்ன வேணும்?" என்றார் கிராணி.

"லயத்த மேட்டுல கட்டச் சொல்லுங்க ஐயா. பள்ளத்து மண்ணு கீரை போடுற மண்ணு. வேலிக்குள்ள அது ஒண்ணுதான் இருக்கு. புள்ளைங்களுக்குக் கால் வீங்குது."

"மேட்டுல பால்மரம் நிக்குது. மரத்த வெட்டச் சொல்றியா?"

"வேணாம். இருக்கிற லயத்துலயே நாங்க நெருக்கிப் படுத்துக்கிறோம். மண்ண மட்டும் விட்டுடச் சொல்லுங்க."

கிராணி அதை இங்கிலீஷில் சொன்னார். துரை கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். லயம் கட்டும் செலவு மிச்சம் என்று நினைத்தாரோ, பிள்ளைகளை நினைத்தாரோ, தெரியாது. சரி என்றார். ஆனால் நிபந்தனை வைத்தார். நிலத்தைச் சுற்றி வெள்ளை அடித்த குச்சி நடப்படும். குச்சிக்கு உள்ளே கீரை, காய்கறி மட்டும். மரவள்ளி, சோளம் கூடாது. வேலி ஓரம் முழங்காலுக்கு மேல் எதுவும் வளரக் கூடாது. மாடு கட்டக் கூடாது, கொட்டாய் போடக் கூடாது.

"ஒரு கொட்டாய் எழும்பினாலும் மொத்த நெலமும் போயிடும். சம்மதமான்னு கேக்குறாரு" என்றார் கிராணி.

"சம்மதம்" என்றாய்.

திரும்பி வரும்போது நான் கேட்டேன். "எல்லாருக்கும் சேத்து நீயே சம்மதம்னு சொல்லிட்டியே?"

"எல்லாரையும் கேட்டுக்கிட்டு இருந்தா அதுக்குள்ள சிமிட்டி ஊத்திடுவான் புள்ள. வீடு வந்த எடத்துல பொறவு கீரை வராது."

நிலத்தைப் பங்கு போட்டபோது எல்லாருக்கும் முன்னால் நீயே போய் வேலியோரத்துத் துண்டை எடுத்துக்கொண்டாய். முழங்காலுக்கு மேல் எதுவும் வளர்க்க முடியாத துண்டு அது. நீயே சம்மதம் சொல்லிவிட்டாய் என்று அதற்கு மேல் யாரும் குறை சொல்ல முடியவில்லை. கீரை வந்தது. அவரை வந்தது. என் மகளின் காலில் அழுத்தினால் குழி விழுவது மெல்ல நின்றது. மற்ற தோட்டங்களில் பிள்ளைகள் செத்த செய்தி வந்துகொண்டிருந்த காலம் அது. நம் லயத்தில் ஒரு பிள்ளையும் போகவில்லை. இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

அஞ்சலையும் வீராசாமியும் கடைசியாக வந்து சேர்ந்தவர்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து லயத்தைக் காலி செய்தபோது மற்ற குடும்பங்கள் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டன. இவர்களை மட்டும் இங்கே அனுப்பினார்கள். மூன்று பிள்ளைகள், அதில் ஒன்று கைக்குழந்தை. லயத்தில் ஓர் அறைகூடக் காலி இல்லை. ஸ்டோர் பக்கத்தில், மரத்தில் காய்ந்து ஒட்டியதை உரித்தெடுக்கும் ஒட்டுப்பால் போட்டுவைக்கும் தாழ்வாரத்தில் படுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒட்டுப்பால் நாற்றம் உனக்குத் தெரியும். குழந்தை குடித்த பாலைக் கக்கிக்கொண்டே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் கீரைத் தோட்டத்துக்குப் போனபோது, வெள்ளைக் குச்சிக்கு உள்ளே, மூலையில், வீராசாமி நான்கு கம்பு நட்டுத் தகரம் போட்டிருந்தார். அஞ்சலை குழந்தையோடு அதன் கீழே உட்கார்ந்திருந்தாள். உள்ளே அடுப்புகூட மூட்டியாகிவிட்டது.

நீ மெதுவாகத்தான் பேசினாய். "அண்ணே, இங்க போடக் கூடாதுண்ணே. பிரிச்சிடுங்க."

"ஒரு மூலைதானே தங்கச்சி. கீரைய மிதிக்கல, ஒண்ணும் செய்யல. கொழந்த அங்க மூச்சு விட முடியாமத் தவிக்குது."

"எனக்குத் தெரியுதுண்ணே. ஆனா துரை பாத்தா எல்லாருக்கும் போயிடும். என் வீட்டு முன்னறைய ஒழிச்சுத் தர்றேன். இன்னைக்கே வந்துடுங்க."

"அடுத்தவன் வீட்டுல பொண்டாட்டி புள்ளையோட வந்து படுக்கணுமா? நானும் பாலுக்கு மரம் வெட்டுறவன்தான். எனக்கும் ஒரு எடம் கொடுக்கணும்ல?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. விட்டுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். கேட்டில் நின்ற மாத்தா இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். நீ அஞ்சலையிடம் போய்க் குனிந்து, "எழுந்திரு அஞ்சலை. நம்ம வீட்டுக்குப் போலாம்" என்றாய். அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. நீ மேலே கைவைத்துத் தகரத்தை இழுத்தாய். வீராசாமி தடுக்கவில்லை. தடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று பிறகு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய். அவர் சும்மா நின்று பார்த்தார். பிறகு தகரத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு ஸ்டோர் தாழ்வாரத்துக்கே நடந்தார். அஞ்சலை குழந்தையோடு பின்னால் போனாள்.

தாழ்வாரத்தை மறைத்து ஒரு தடுப்புப் போட அவருக்குப் பலகை வேண்டியிருந்தது. பலகை தம் பழைய லயத்தில் இருந்தது, வேலிக்கு வெளியே. அந்த வாரமே, வேலை முடிந்து எல்லாரும் உள்ளே வந்தபோது அவர் மட்டும் வராமல் அந்தப் பக்கம் போயிருக்கிறார். திரும்பும்போது ஆற்றோரம் ரோந்துக்காரர்கள் பிடித்தார்கள். தோளில் பலகை. சாக்கில் மரவள்ளிக்கிழங்கு. நாம் மேலே மட்டும் வெட்டிவிட்டு வந்தோமே, அந்தக் கிழங்கு. பலகையை யாரும் கேட்கவில்லை. கிழங்கு யாருக்கு என்றுதான் கேட்டார்கள். என் பிள்ளைகளுக்கு என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை.

சிரம்பான் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். நீ கிராணியைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்ப் பார்த்தாய். துரையிடம் போய் நின்றாய். "நல்ல வேலைக்காரன், எனக்குத் தெரியும்" என்று துரையே எழுதிக் கொடுத்தாராம். ஒன்றும் நடக்கவில்லை. மாதங்கள் கழித்து அவரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்ற செய்திதான் வந்தது. சிறு வயதிலேயே இங்கே வந்தவர். அங்கே அவருக்குச் சொந்தம் என்று யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் அதுவும் நின்றுபோனது.

அவரைப் பிடித்த மறுநாளே அஞ்சலையையும் பிள்ளைகளையும் நீ உன் வீட்டுக்குக் கூட்டி வந்தாய். இந்த முறை அவள் வந்தாள். வேறு எங்கே போவாள்? உன் முன்னறையில் இருந்தாள், உன் அடுப்பில் சமைத்தாள், நீ பறித்த கீரையைத் தன் பிள்ளைகளுக்குப் பிசைந்து ஊட்டினாள். உன்னிடம் மட்டும் பேசவில்லை. சண்டை இல்லை, சாபம் இல்லை. உப்பு வேண்டுமென்றால் உன் மாமியாரிடம் கேட்பாள். என்னிடம் சிரித்துப் பேசுவாள். நீ உள்ளே வந்தால் எழுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவாள்.

ஒரு நாள் தண்ணீர் விழும் பீலியடியில் துணி துவைக்கும்போது உன்னிடம் கேட்டேன். "அன்னைக்கு அந்தத் தகரத்த விட்டிருக்கலாமோ?"

நீ துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாய். "விட்டிருந்தா அடுத்த வாரம் இன்னொண்ணு. அதுக்கப்பறம் நெலம் இல்ல. செஞ்சது சரிதான் புள்ள. இன்னொரு தடவ வந்தாலும் அதத்தான் செய்வேன்." துணியை உதறிவிட்டு, "ஆனா அவ தட்டுல சோறு போடுறப்ப, இந்தக் கைதானே தகரத்த இழுத்துச்சுன்னு நெனப்பு வருது" என்றாய்.

சில வருஷம் கழித்து அவசரகாலம் ஓய்ந்து வேலியை எடுத்தார்கள். அஞ்சலையின் மூத்தவன் தலையெடுத்து அவளை அம்பாங்கானுக்கு அழைத்துக்கொண்டு போனான். போகும்போது உன் மாமியார் காலில் விழுந்து கும்பிட்டாள். நீ கதவோரம் நின்றாய். உன் பக்கம் திரும்பித் தலையை மட்டும் அசைத்தாள், அல்லது அசைத்தது போல எனக்குத் தோன்றியது.

உன் சாவுக்கு அவள் வந்தாள். அதைத்தான் சொல்ல வேண்டும். அம்பாங்கானிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். உன்னைக் கிடத்தியிருந்த இடத்தில், தலைமாட்டில், வெகுநேரம் நின்றாள். அழவில்லை. பெண்கள் குளிப்பாட்டும்போது யாரையும் கேட்காமல் செம்பை வாங்கி உன் கைகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினாள். எல்லாம் முடிந்து திரும்பும்போது பஸ் நிற்கும் இடம்வரை நான் கூடப் போனேன்.

"அவகிட்டப் பேசணும்னு நெனச்சுக்கிட்டேதான் இருந்தேன்" என்றாள். "எத்தனையோ தடவ வாய் வரைக்கும் வந்துச்சு. என்னன்னு சொல்றது? மன்னிச்சுட்டேன்னு சொன்னா அது பொய்யி. மன்னிக்கலன்னு சொன்னா அதுவும் பொய்யி. அவ போட்ட கீரையிலதான் என் புள்ளைங்க எழுந்து நின்னுச்சு. அவ இழுத்த தகரத்துலதான் எம்புருஷன் போனாரு. ரெண்டுக்கும் சேத்து ஒரு வார்த்தை எனக்குக் கிடைக்கல. கிடைச்சிருந்தா அன்னைக்கே பேசியிருப்பேன்."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தவள் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்து, "நீ அவகூடவே இருந்தவதானே. உனக்காவது அந்த வார்த்தை தெரியுமா?" என்று கேட்டாள்.

அந்த வார்த்தையை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். அவள் உனக்கென்று கொண்டுவந்த பேச்சை மட்டும் இப்போது உன்னிடம் சேர்த்துவிட்டேன். அவள் கேட்ட கேள்வியை நான்தான் வைத்திருக்கிறேன்.