மாவு மில்லுக்குப் பக்கத்தில் ஒரு வீடு

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் வேலைக்கு இரண்டு பஸ்ஸிலும் நின்றபடியே போனேன். கம்பியைப் பிடித்துப் பிடித்து வலது கை மரத்துப்போனது. பொய்ப்பல் செய்கிறவளுக்குக் கைதானே எல்லாம்? மெழுகில் பல் அடுக்க உட்கார்ந்தால் விரல் நடுங்குகிறது. வரிசை கோணல். "இதைப் போட்டுக்கிட்டா அந்தப் பெரியவர் சிரிக்க மாட்டாரு, அழுவாரு" என்றார் முதலாளியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மார்ச் 5, வியாழன்

என் வீட்டுக்காரர் சோபாவில் சாய்ந்து செல் விளையாட்டில் நகரம் கட்டிக்கொண்டிருந்தார். அவர் வேலை பார்க்கும் ஃபேன் கடை எதிர்ச்சாரியில். செருப்பை மாட்டுவதற்குள் போய்விடலாம். அதற்காகத்தானே இந்த வீட்டைப் பிடித்தது.

"இங்க பாரு, என் மாவு மில் படுத்துடுச்சு. ஏன்னு பார்த்தா, வேலையாள் ஊர்க்கோடியிலேருந்து நடந்து வரான். பாவம், பாதி நாள் ரோட்டுலயே போயிடுது. அப்புறம் எங்க வேலை செய்வான்?"

பாவமாம்! எறும்பளவு பொம்மைக்கு!

மில்லுக்குப் பக்கத்திலேயே அவனுக்கு வீடு கட்டிவிட்டுப் பழைய வீட்டை இடித்தார். ஏன் இடித்தீர்கள் என்று கேட்டேன்.

"இனிமே எதுக்கு அங்க திரும்பிப் போகப்போறான்?"

"எனக்கும் ஒண்ணு கட்டிக் குடுங்களேன்."

"நீ என்ன மாவு மில்லா ஓட்டுற?" என்று சிரித்தார்.

மார்ச் 6

சீ.

மார்ச் 11, புதன்

மறுபடியும் கோணல். "மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் நீ பேக்கிங்குக்குப் போயிடு" என்றார் முதலாளியம்மா. அடுத்தவள் செய்த பல்லை டப்பாவில் போட்டு மூடவா இத்தனை வருஷம் இந்த வேலையைக் கற்றேன்? மத்தியானத்துக்கு மேல் நான் செய்வதில் குறை உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார்.

"அப்ப என் கை சரிதான். வர்ற வழிதான் சரியில்ல."

முதலாளியம்மா சாவிக்கொத்தை எடுத்தார். பட்டறை மாடியில் தட்டுமுட்டுச் சாமான் கிடக்கும் அறையை நான் தங்க ஒழித்துத் தருவதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, இருவருமே அங்கே போய்விடலாமா என்று இவரிடம் கேட்டேன்.

"அங்கேருந்து நான் தினமும் ரெண்டு பஸ் மாறி வரணுமா? மனுஷன் செய்யற காரியமா அது?"

கண்ணைச் செல்லிலிருந்து எடுக்கக்கூட இல்லை. அப்போ நான் என்ன—மாடா? த்தூ!

மார்ச் 16, திங்கள்

நேற்றே துணிமணியோடு மாடி அறைக்குத் தனியாக வந்துவிட்டேன். காலையில் எழுந்தேன், குளித்தேன், படி இறங்கினேன், வேலைக்கு வந்துவிட்டேன். வரிசை நூல் பிடித்த மாதிரி இருந்தது. முதலாளியம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மார்ச் 29, ஞாயிறு

அவர் வந்தார். இரண்டு பஸ்ஸிலும் நின்றுகொண்டே வந்தாராம். தண்ணீர் கொடுத்தேன். அவர் கை நடுங்கிப் பாதி சட்டையில் கொட்டியது.

"தினமும் இப்படித்தான் போனியா?"

இத்தனை நாள் இல்லாத கரிசனம், தன் கை நடுங்கியதும் வந்துவிட்டது.

"எப்ப வீட்டுக்கு வர்ற?"

"உங்க மில்காரன் பழைய வீட்டுக்குத் திரும்பிப் போனானா?"

கொண்டுவந்த பையை மடியில் எடுத்து வைத்தார். ஜிப்பைத் திறந்தார். உள்ளே இரண்டு சட்டை, செல் சார்ஜர்.

சரி, இருக்கட்டும். கடைக்குப் போக விடியற்காலை முதல் பஸ்ஸுக்கு அலாரம் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.