பாதி விரல்

அம்மாவுக்கு நந்தினி எழுதறது. உன் முட்டி வலி எப்படி இருக்குது? அப்பாவுக்குச் சக்கரை கம்மியாச்சா? புனேவில நான் நல்லாத்தான் இருக்கேன். போன்ல பேசினா என் குரலே காட்டிக் கொடுத்துடும், அதான் எழுதறேன்.

பெரிசா ஒண்ணுமில்ல. பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில நீ அவிச்ச மல்லாட்டை அளந்து போடற கையை வரைஞ்சு, ரெண்டு வருஷம் முன்னாடி நெட்ல போட்டேனே, அந்தப் படத்தை இங்க எங்க டிசைன் ஆபீஸ்ல ஒரு கடலை மிட்டாய் டப்பாவுக்கு வச்சேன். அது தங்களோட படம்னு எவனோ ஒரு கம்பெனிக்காரன் நோட்டீஸ் அனுப்பிட்டான். திருடினவன் என் பேரை அழிச்சதோட விடல. அருவா பட்டுப் போன உன் பாதி விரலையும் முழுசா வரைஞ்சு வச்சிருக்கான்.

நான் நெட்ல போட்ட பக்கம் இப்ப இல்ல. இது எங்கம்மா கைன்னு சொன்னேன். மேனேஜர் ரெண்டு படத்தையும் பார்த்துட்டு, "காப்பி அடிக்கறதையாவது ஒழுங்கா அடிக்கக் கூடாதா? ஒரு விரலைப் பாதியில விட்டிருக்கியே"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அடுத்தவங்க படத்தை எடுத்தது தப்புன்னு எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. வேலை போயிடுமேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்.

உன் கையை முதல்ல வரைஞ்சு பார்த்த என் பழைய நோட்டு பரண்மேல இருக்குது, அதை எலி கடிக்காம எடுத்து வை. வறுக்காத மல்லாட்டை ரெண்டு படி அனுப்பு, இங்க விக்கற வேர்க்கடலையில நம்மூரு ருசி இல்ல. ஆபீஸ் பஸ் வந்துடுச்சு, முடிச்சுக்கறேன்.

தம்பி வல்லரசை உன் கையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. போட்டோன்னாலே அந்த விரலை மடக்கிக்குவியே, இந்தத் தடவை மடக்காதேம்மா.

நந்தினி