‘இந்தா!’ என்றதும் நீளும் கை

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் சௌக்கியம். அப்பாவின் முட்டிவலி தேவலையா?

டீவியில் நான் விழுந்ததைப் பார்த்துப் பதறியிருப்பாய். ரிலே குச்சியை அடுத்தவள் கையில் கொடுத்த பிறகுதான் விழுந்தேன். முழங்காலில் லேசான சிராய்ப்பு, அவ்வளவுதான்.

நம் நாட்டு அணியை முந்தித்தான் ஜெயித்தோம். “பொறந்த நாட்டையே தோக்கடிச்சிட்டாளே!” என்று சித்தப்பா குதித்திருப்பார். குடியுரிமையை மாற்றிக்கொண்டது நானாக யோசித்து எடுத்த முடிவு. இந்த நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு காலைத் தளர்த்தி ஓட மாட்டேன் என்று அவரிடம் சொல்.

ஆனால் ஒன்று. நான் ஸ்கூல் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது, சாப்பாட்டுப் பையோடு பின்னாலேயே ஓடிவந்து “இந்தா!” என்று கத்துவாயே? நானும் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டுவேனே? குச்சியைக் கொடுக்கும்போது என் வாயில் அதுதான் வருகிறது. கோச் அதை மாற்றப் பார்த்துச் சலித்துவிட்டார். இப்போது இங்கேயே பிறந்து வளர்ந்த மற்ற மூன்று பேரும் “இந்தா!” என்றுதான் கத்துகிறார்கள். அன்றைக்குத் தங்கம் கைமாறி வந்தது உன் குரலில்தான்.

அந்தப் பழைய பை பரணில் கிடந்தால் அனுப்பிவை. இங்கே பின்னால் ஓடிவர யாரும் இல்லை.

பஸ் வந்துவிட்டது, ஓடுகிறேன். கை மட்டும் பின்னால்தான் நீண்டிருக்கிறது.

உன் மகள்