பூக்காது என்று நினைத்த காட்டுச்சேனை

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகம் என்றே எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் சுற்றி வளைக்காமல் சொல். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் மூன்று வாக்கியத்துக்கு மேல் பேசமாட்டேன், இது மூன்றில் அடங்காது. உன்னை விடுதியில் சேர்க்க வந்தபோது என்னை உன் அண்ணனா என்று கேட்டாரே வார்டன், அவரிடம் சொல், அண்ணனுக்கு நரைக்க ஆரம்பித்துவிட்டது.

விஷயம் இதுதான். வீட்டுக்குப் பின்னால் வெயில் விழாத சந்தில், ஓடைக்கரையிலிருந்து பெயர்த்து வந்து நட்டாயே காட்டுச்சேனை, எப்போது வருவாய் என்று கேட்கும்போதெல்லாம் "சேனை பூக்கட்டும்ப்பா, வர்றேன்" என்று நழுவுவாயே, அதேதான். நீ போனதிலிருந்து வருடத்துக்கு ஒரு தண்டு, அதன் தலையில் குடை மாதிரி ஒற்றை இலை, பிறகு அதுவும் சரிந்து மண்ணோடு மண். "பூக்காதுன்னு தெரிஞ்சேதான் சொல்றா" என்று அம்மா மூக்கைச் சிந்துவாள். இந்த வருடம் மழை பெய்தும் அந்த இலைகூட வரவில்லை. செத்துவிட்டது என்று முடிவுகட்டி, அங்கே சிமெண்ட் போட்டு வாஷிங் மெஷின் வைக்கக் கொத்தனாருக்குச் சொல்லிவிட்டேன், மூட்டையும் வந்து இறங்கிவிட்டது. உன்னைக் கேட்கவில்லை, செத்ததற்கு என்ன கேள்வி என்று நினைத்தேன்.

நேற்று மாலை குடலைப் பிடுங்கும் நாற்றம். மாடிவீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "எலி செத்துப்போச்சா சார், இல்ல நீங்க எதையாவது ரிப்பேர் பண்றீங்களா?" என்றார். சாக்கடை அடைப்பாகத்தான் இருக்கும் என்று மூடியைக் கழற்றினால், தண்ணீர் ஜம்மென்று ஓடுகிறது. "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாச்சு" என்று அம்மா ஆரம்பித்துவிட்டாள். ஈக்கள் எல்லாம் சிமெண்ட் மூட்டைப் பக்கமே போகவும், மூட்டையை நகர்த்தினேன். பாப்பா, அதன் பின்னால் வாளி அகலத்துக்கு ஒரு பூ. இலை இல்லை, தண்டு இல்லை, தரையைப் பிளந்துகொண்டு வந்திருக்கிறது. ஓரம் சுருங்கிய கருஞ்சிவப்பு மடல், நடுவில் மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு உருண்டை. கையை அருகில் கொண்டுபோனால் சுடுகிறது. நம்பாமல், ஏசி வேலைக்கு எடுத்துப்போகும் வெப்பமானியைப் பிடித்தேன். காற்றைவிட ஏழு டிகிரி அதிகம். பேட்டரி மாற்றிப் பிடித்தேன், அதே ஏழு. ஏழு டிகிரியை ஏற்றி இறக்க எனக்கு கம்ப்ரஸர் வேண்டும், கேஸ் வேண்டும், கரண்ட் வேண்டும். இதற்கு ஒரு ஒயர் கிடையாது. நாற்றத்தைத் தூக்கி அனுப்பி ஈயை வரவழைக்கத்தான் அந்தச் சூடு என்று பிறகு தேடிப் படித்தேன். அந்தச் சந்தில் விழும் பிச்சை வெயிலை ஒற்றை இலையில் பிடித்து, வருடக்கணக்காகக் கீழே கிழங்கில் சேர்த்து வைத்திருக்கிறது. நான் அதன் தலைமேல் சிமெண்ட் போடப் பார்த்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த அம்மா, கையை எடுத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு பேரும் இருட்டும்வரை அந்த நாற்றத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம், நம் வீட்டில் இது நடக்கிற காரியமா!

காலையில் வந்த கொத்தனார், "இந்த நாத்தத்துக்கா வேலையை நிறுத்துறீங்க?" என்றார். ஆமாம் என்று அனுப்பிவிட்டேன். மெஷின் ஹாலிலேயே கிடக்கட்டும், இடித்துக்கொண்டு நடக்கிறோம்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, எல்லாம் நல்லபடியாக அமையட்டும். இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் பூ சாய்ந்துவிடும். அதைச் சாக்காகச் சொல்லாதே. பூக்கட்டும் என்றுதான் சொன்னாய், பூ இருக்கும்போது என்று சொல்லவில்லை. பூத்துவிட்டது. டிக்கெட் போடு.

உன் வரவை எண்ணி,
அப்பா