பரீட்சை நாளில் கடற்பாசி சூப்

செப். 15, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மேகம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. கரண்ட் இல்லை. கடைத்தெரு கேட் வேலை பாதியில் நிற்கிறது. வெல்டிங் ராடு வாங்க வேண்டும்.

சாப்பிடப் பட்டறையிலிருந்து வந்தால், சூஜின் வாசலில் பாய் விரித்துப் படப்புத்தகங்களை வெயிலில் வைத்திருக்கிறாள். கொரியாவை விட்டு வந்தபோது தன் துணிமணியைக் குறைத்துக்கொண்டு மகள் மீனாவுக்காகச் சுமந்து வந்தவை. பரணில் கரையானோ என்று கேட்டேன்.

"கரையான் இல்லங்க. குடுத்துரப் போறேன்."

சென்னைக்கு. அங்கே கொரியாக்காரர் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மொழி வகுப்பு எடுக்கும் தோழிக்கு. வெள்ளிக்கிழமை ஆம்னி பஸ்ஸில் பெட்டி போகிறது.

"அப்ப மீனாவுக்கு?"

"அவ தொட்டே ரொம்ப நாளாச்சு. நான் கொரியன்ல கேட்டா தமிழ்ல பதில் சொல்றா. இங்கிட்டுக் கெடந்து மக்கிப் போறதுக்கு, படிக்கிற பிள்ளைங்ககிட்டப் போகட்டும்."

என் மனைவி இந்த அரிமளத்திலேயே பிறந்தவள் மாதிரி பேசுகிறாள். கோபம் வந்தால் மட்டும் அவள் பிறந்த கொரியாப் பாஷை. இன்று கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

செப். 16, செவ்வாய்

கரண்ட் வந்தது. கேட் முடிந்தது. கையில் சின்னச் சூடு, ஒன்றுமில்லை.

சாயங்காலம் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கினேன். அடுக்கினேன் என்று பேர். ஒவ்வொன்றாகத் திறந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்றில் முதல் பிறந்தநாள் குழந்தை. பல வண்ணக் கோடு போட்ட பட்டுச் சட்டை. முன்னால் நூல், பென்சில், அரிசி. எதை எடுக்கிறதோ அதுதான் எதிர்காலம். எங்கள் மீனா அன்று நூலை எடுத்தாள், அதற்கு நீண்ட ஆயுள் என்று அர்த்தம். அடுத்த நிமிடம் கேக்கில் கையை விட்டாள். இன்னொன்றில் வெளிநாட்டுப் பள்ளியில் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க வெட்கப்படும் கொரியப் பையன். இன்னொன்றில் அறுவடைத் திருநாளுக்கு வீடே உட்கார்ந்து பாதி நிலா வடிவில் கொழுக்கட்டை பிடிக்கிறது.

அடியில் முயல் புத்தகம். நான் முதலில் படித்தது. கொரியாவில் நான் வேலை பார்த்த கப்பல் கட்டும் இடத்தில் எனக்குக் கிடைத்த கொரியன் எல்லாம் 'தூக்கு, இறக்கு, சீக்கிரம்' மட்டும்தான். மிச்சத்தைக் கைக்குழந்தை மீனாவை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிக் கற்றேன். சூஜின் வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டே திருத்துவாள். இன்றைக்கும் என் கொரியன் முயலும் புலியும் பேசுகிற கொரியன்தான். மாப்பிள்ளை கதை சொல்வது போலவே பேசுகிறார் என்று மாமனார் சிரிப்பார்.

அந்தச் சின்ன அறை. காலுக்கடியில் குளிருக்காகச் சூடேற்றிய தரை, ஜன்னலுக்கு வெளியே பனி. எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம். முயலை மறுபடி அடியிலேயே வைத்தேன்.

செப். 18, வியாழன்

மதியம் தூறல். பள்ளி வாசலில் மீனா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "இங்க நின்னு கொரியன் பேசாதம்மா. எல்லாரும் பாக்குறாங்க."

"சரிம்மா" என்றாள் சூஜின், தமிழில்.

மீனா மேல் கோபம் வந்தது. அவளையும் என்ன சொல்ல? வகுப்பில் ஒருத்தன் கண்ணை இழுத்துச் சின்னதாக்கிக் காட்டிக் கேலி செய்கிறானாம்.

நாளை அவளுக்குப் பிறந்தநாள், ஒன்பது முடிகிறது. காலாண்டுப் பரீட்சையில் கணக்கும் நாளைக்குத்தான். கொரியா வழக்கப்படி பிறந்தநாள் காலையில் கடற்பாசி சூப். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சூப் அது. பெற்றவளை நினைத்து வருடா வருடம் பிள்ளை குடிக்கும். ஒரு வருடமும் தவறியதில்லை. பாசி ஊறப்போடவா என்று சூஜினிடம் கேட்டேன். "நாளைக்கு வேண்டாங்க" என்றாள். அவ்வளவுதான்.

புத்தகமும் போகிறது, சூப்பும் போகிறதா? விடக்கூடாது. பெட்டியிலிருந்து அந்தச் சூப்பைப் பற்றிய படப்புத்தகத்தை உருவிவிட்டேன். நான் நைட் ஷிஃப்ட் போன காலத்தில் அம்மாவும் மகளும் படித்தது. எனக்குக் கதை தெரியாது. நடுப்பக்கத்தில் செய்முறை படத்தோடு இருக்கிறது, அது போதும்.

வாங்க: பூண்டு, நல்லெண்ணெய், காய்ந்த இறால்.

செப். 19, வெள்ளி

பாக்கெட் முழுவதையும் ஊறப்போட்டுவிட்டேன். படத்தில் ஒரு கைப்பிடிதான், யார் கவனித்தது? பல் விளக்கி வருவதற்குள் பாத்திரம் பொங்கி வழிந்து சிங்க் முழுக்கப் பாசி. அண்டாவை எடுத்தேன்.

கிண்ணத்தில் ஊற்றி மீனா முன்னால் வைத்து, முயல் கொரியனில் வாழ்த்துச் சொன்னேன். பால் வாங்கி வந்த சூஜின் வாயைத் திறப்பதற்குள் மீனா கிண்ணத்தைத் தள்ளினாள்.

"அப்பா, இன்னைக்குக் கணக்குப் பரீட்சை. இதைக் குடிச்சா பாசி மாதிரியே வழுக்கி விட்டுரும். படிச்சதெல்லாம் போயிரும். ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. எனக்கு அந்த ஊரில் யார் பரீட்சை வைத்தார்கள்?

"அதுக்குத்தாங்க வேண்டாம்னேன்" என்றாள் சூஜின் என்னிடம். கண் மீனா மேல் இருந்தது. "ஒனக்கு யாரு சொன்னா?"

"நீதாம்மா. அந்தப் புக்குல அண்ணன்காரன் பரீட்சை அன்னைக்குத் தொடவே மாட்டான்ல." அண்ணன் பேசுகிற வரியைக் கொரியனில் சொன்னாள். அவன் சிணுங்குவது போலவே, ஒரு இடத்திலும் நிற்காமல்.

சூஜின் அடுப்படிக்குப் போய்விட்டாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

மாலை. பையைக் கழற்றாமலே "சூப் எங்க?" என்றாள் மீனா. கணக்கு சுமாராம். குடித்தாள், இன்னும் கேட்டாள். அண்டாவில் பாதிக்கு மேல் இருக்கிறது. பஸ் ஆபீசிலிருந்து போன்: "சார், பெட்டி வருதா இல்லையா?" சூஜினைப் பார்த்தேன். பெட்டிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை என்று சொன்னேன்.

மீனா பெட்டிக்குள் தலையை விட்டுக் கிளறினாள். "சென்னைப் பிள்ளைங்களுக்கு ஒண்ணாச்சும் குடுப்போம்மா. இந்த முயல் புக்கைக் குடுக்கலாம், இது ரொம்பச் சின்னப் பிள்ளைங்க படிக்கிறது."

வாங்கி என் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். அதைத் தர முடியாது, அது என்னுடையது.