பக்கத்து இருக்கையின் மௌஸ்

மார்ச் 4, செவ்வாய்

அலுவலகத்தில் இன்று எல்லோருக்கும் எடை பார்த்தார்கள். ‘உடல்நல வாரம்’ என்று வாசலில் பலூன் வேறு. டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. “வாயைக் கட்டணும்மா” என்றார். வரிசையில் நின்ற அத்தனை பெண்களுக்கும் அதே வார்த்தை. வாயைக் கட்டச் சொல்கிறார்கள். எங்களை நாற்காலியில் கட்டியது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

பக்கத்து இருக்கை அக்கா எடை மிஷினிலிருந்து இறங்கும்போது, “டாக்டர், மிஷின் உசுரோட இருக்கா பாருங்க” என்றாள். கூடமே சிரித்தது. அவள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் கன்னம் ஒட்டிய வேறொருத்தி இருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த வாரம் எடுத்த படமாம்.

மார்ச் 6, வியாழன்

நாள் முழுக்க ஆஸ்பத்திரிச் சீட்டுகளைத் திரையில் பார்த்து, காப்பீட்டுக் கம்பெனிக்காக டைப் அடிக்கிறோம். மௌஸ் கொஞ்ச நேரம் அசையாவிட்டால், டீம் லீடரின் திரையில் நம் பெயர் பச்சையிலிருந்து சிவப்பாகிவிடும். சிவப்பு கூடினால் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, மரியாதையாக மானத்தை வாங்குவார். அதனால் ஒருத்தி எழுந்தால் பக்கத்தில் இருப்பவள் அவள் மௌஸை ஆட்டுவாள். அதையும் எத்தனை தடவை கேட்பது? தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டோம். பசித்தால் இழுப்பறையில் பிஸ்கட்.

மார்ச் 11, செவ்வாய்

அக்காவுக்கு இடது காலில் வலி. ஆடுசதை வீங்கி, தொட்டால் சுடுகிறது. “உடம்பைக் குறைங்கக்கா, தானா சரியாயிடும்” என்றேன்.

“இவ பெரிய ஊசி, நான்தான் பூசணி! போடி” என்று என் தோளில் தட்டினாள்.

மார்ச் 13, வியாழன்

என் நீலச் சுடிதார் அக்குளில் கிழிந்தது. துணி மட்டம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

மார்ச் 14, வெள்ளி

எழுத வரலை.

மத்தியானம் அக்கா, “மூச்சு ஒரு மாதிரி இருக்குடி. முகம் கழுவிட்டு வரேன், ஆட்டிக்கோ” என்றாள். ஆட்டினேன். வலது கையால் என் வேலை, இடது கையால் அவள் மௌஸ். வெகுநேரம் வரவில்லை. வீட்டுக்காரரிடம் போனில் பேசுகிறாள் போல, கொஞ்சம் காலை நீட்டட்டும் என்று விட்டுவிட்டேன். டீம் லீடர் பின்னால் நடந்துபோனார், ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது — பெருமை!

துப்புரவு அம்மா அலறிய பிறகுதான் எழுந்து ஓடினோம். கழிவறைத் தரையில் கிடந்தாள். உதடு நீலம்.

மார்ச் 15, சனி

அக்கா போயிட்டா.

மார்ச் 17, திங்கள்

காலில் உறைந்த ரத்தம் நகர்ந்து போய் நுரையீரலை அடைத்துவிட்டதாம். அசையாமல் உட்கார்ந்தே இருந்தது, அதோடு உடல் பருமன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

குண்டு என்றால் இரண்டு காலும்தானே குண்டாக வேண்டும்? ஒரு கால் மட்டும் எப்படி வீங்கும்? ஊரார் நோயையெல்லாம் டைப் அடிக்கிற எனக்கு இது ஏன் உறைக்கலை?

மார்ச் 24, திங்கள்

அக்காவின் வீட்டுக்காரர் அவள் பொருள்களை எடுத்துப்போக வந்தார். “அவ்வளவு நேரமா ஆளைக் காணோமேன்னு ஒருத்தருமா தேடலை?” என்று டீம் லீடரைக் கேட்டார்.

“சார், சிஸ்டத்தைப் பாருங்க. கடைசி வரைக்கும் சீட்லதான் இருந்திருக்காங்க. எழுந்து போன உடனே நடந்திருக்கு. யாரால என்ன பண்ண முடியும்?”

அவர் தலையாட்டினார். நம்பிவிட்டார்.

“இல்ல சார், அவங்க சீட்ல இல்ல” என்றேன். “நான்தான் அவங்க மௌஸை ஆட்டிட்டு இருந்தேன்.”

அடிப்பார் என்று நின்றேன். “அப்ப, முன்னாடியே பாத்திருந்தா...” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா” என்றார் டீம் லீடர். எழுந்தாலே குற்றம்னு வெச்சது யாரு சார்? — இந்தக் கேள்வி வீட்டுக்கு வந்த பிறகுதான் வாயில் வருகிறது. வந்து என்ன?

ஏப்ரல் 3, வியாழன்

ஒவ்வொரு திரையின் மேலும் கேமரா பொருத்திவிட்டார்கள். இனி மௌஸ் ஆடினால் போதாது, முகம் தெரிய வேண்டும். “உங்க பாதுகாப்புக்குத்தான். உண்மையைச் சொன்ன உங்க தோழிக்கு நன்றி” என்று கூட்டத்தில் என்னைக் காட்டினார் டீம் லீடர். கை தட்டச் சொன்னார். தட்டினார்கள்.

வெளியே வந்ததும் பின்வரிசைக்காரி பிடித்துக்கொண்டாள். “நல்லா சொன்னே போ! இனிமே ஒண்ணுக்குப் போறதுக்கும் கேமராகிட்ட கும்பிடு போடணும். அக்கா ஒருத்தி போதலையா உனக்கு?”



ஏப்ரல் 17, வியாழன்

அக்காவின் இருக்கைக்குப் புதுப் பெண் வந்திருக்கிறாள். கொடி மாதிரி உடம்பு. நாள் பூராவும் முள்மேல் உட்கார்ந்தவள் போல நெளிந்தாள். சாயங்காலம் என் பக்கம் சாய்ந்து, “அக்கா, நீங்கல்லாம் எப்படி எழுந்திருக்காமயே இருக்கீங்க?” என்று கேட்டாள்.

“தண்ணி கம்மியா குடி. ஒரு மாசத்துல பழகிடும்” என்றேன்.