பாப்பா சொன்ன பதில்

பிப்ரவரி 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் அண்ணி எழுதுவது. நாற்பத்திரண்டு வயதில், தலைமையாசிரியை நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பள்ளிக்கூடத்தையே ஆட்டிப்படைக்கிறவளை இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிறோமே என்று சில சமயம் எனக்கே சிரிப்பு வரும். உன் அண்ணனிடம் சொன்னால், "எத்தனை வயசானா என்ன, எனக்கு அவ பாப்பாதான்" என்கிறார்.

நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். மோசம் என்று எழுதினால் உனக்குத் தூக்கம் போய்விடும். நடுவில் எங்கேயோ இருக்கிறோம். சாரத்திலிருந்து விழுந்து இரண்டு வருஷம் ஆகியும் உன் அண்ணனுக்கு பெயின்டர் புத்தி மட்டும் போகவில்லை. படுத்தபடியே விட்டத்தைப் பார்த்து, "இதை அடிச்சவன் கண்ணை மூடிக்கிட்டு அடிச்சிருக்கான்" என்று தினமும் ஒரு பாட்டம் திட்டுகிறார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. இடது கை பாதிதான் சொன்ன பேச்சைக் கேட்கிறது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

நல்ல சேதி ஒன்று உண்டு. குறைந்த சம்பளத்தில் வேலை பார்த்துக்கொண்டே, முடியாமல் கிடக்கும் புருஷனையோ பெண்டாட்டியையோ கவனிக்கிறவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை தருகிறார்களாம். நானும் விண்ணப்பித்திருக்கிறேன். அது வந்தால் சலவைக் கூடத்தில் பாதி நாள் வேலையோடு நிறுத்திக்கொள்வேன். இப்போது காலையிலிருந்து ஆஸ்பத்திரி பெட்ஷீட்டுக்கு இஸ்திரி போடுகிறேன். சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடி வந்து, மூத்திரப் பையை மாற்றி, துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, அவருக்கு ஊட்டிவிட்டுத் திரும்ப ஓடுகிறேன். நான் எப்போது சாப்பிடுகிறேன் என்று கேட்காதே. மாடி வீட்டுத் தையல்காரம்மா அவ்வப்போது எட்டிப் பார்க்கிறார். பத்து நிமிஷம் லேட்டாகப் போனதற்கு, "உனக்கு வீடா வேலையா, ஒண்ணு முடிவு பண்ணிக்க" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள் சூப்பர்வைசர்.

இருபதாம் தேதி காலை ஒரு அதிகாரி வீட்டுக்கே வந்து பார்ப்பாராம். எனக்கு லீவு இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். குடும்பத்தில் ஒருவர் கூட இருந்து பதில் சொல்ல வேண்டும். நீ வந்தால் எனக்குத் தெம்பாக இருக்கும். நீயே வந்து பார்த்து ரொம்ப நாளாகிறது. உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும், வேறு எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
உன் அண்ணி


பிப்ரவரி 23

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தேன். நீங்கள் மூச்சு வாங்க ஓடி வந்தபோது அதிகாரி கிளம்பிக்கொண்டிருந்தார். எனக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. உங்களோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேச முடியவில்லை, மன்னியுங்கள்.

நான் வாங்கி வந்த நீலச் சட்டையில் அண்ணனைப் பார்த்தீர்கள்தானே? நானே ஷேவ் செய்துவிட்டேன். தலை வாரி, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்தேன். பழைய அண்ணனே திரும்ப வந்துவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்னைப் படிக்க வைக்க வெயிலில் சுவர் சுவராகத் தொங்கியவர் அவர். யாரோ ஒருத்தி முன்னால் அவரை அலங்கோலமாகக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. அதிகாரி சின்னப் பெண்தான். கேட்டதற்கெல்லாம் நானே டக் டக்கென்று பதில் சொல்லிவிட்டேன். "ரொம்ப நல்லா பார்த்துக்கிறீங்க" என்று பாராட்டிவிட்டுத்தான் போனாள். உதவித்தொகை கண்டிப்பாக வரும், கவலையே படாதீர்கள்.

ஒன்று சொன்னால் கோபிக்க மாட்டீர்களே? அறையில் ஒரு வாடை இருக்கிறது. நான் ஜன்னலையெல்லாம் திறந்து, ஊதுபத்தி ஏற்றினேன். உங்களுக்குத் தலைக்கு மேல் வேலை என்று தெரியும். இருந்தாலும் கொஞ்சம் கவனியுங்கள். அண்ணன் எப்போதுமே சுத்தக்காரர்.

அன்புடன்,
பாப்பா


மார்ச் 18

பாப்பாவுக்கு,

உதவித்தொகை இல்லை என்று கடிதம் வந்துவிட்டது.

காரணமும் போட்டிருக்கிறார்கள். நோயாளி தானாக உட்காருகிறார், பத்திரிகை படிக்கிறார், தன் தேவைகளைத் தானே கவனித்துக்கொள்கிறார், இதை உடனிருந்த உறவினர் உறுதிப்படுத்தினார் என்று. யாரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை. வேறு வீட்டுக் கடிதம் மாறி வந்துவிட்டதோ என்று விலாசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அப்புறம் உன் அண்ணனைப் பிடித்து உலுக்கிக் கேட்டேன். தலையணைகளை பெட்ஷீட்டுக்குள் மறைத்து முட்டுக்கொடுத்தாயாம். மூத்திரப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாயாம். வலது கையில் பேப்பரைத் திணித்தாயாம். அந்தப் பெண், "பாத்ரூம் எல்லாம் எப்படிப் போறாரு?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் அவரே போய்க்குவார், எங்க அண்ணன் யாருக்கும் தொந்தரவு குடுக்கிற ஆளில்ல" என்று சொன்னாயாம். பாப்பா, உனக்குக் கொஞ்சமாவது மனசாட்சி உறுத்தியதா?

"நீங்க ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க?" என்று அவரைக் கேட்டேன். "பாப்பா பொய் சொல்றான்னு அந்தப் பொண்ணு முன்னாடி எப்படிச் சொல்றது?" என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன். அவருக்கு உன் மானம் பெரிது. உனக்கு அவர் மானம் பெரிது. இரண்டு பேரும் மானத்தோடு இருங்கள். அள்ளிக் கொட்டுகிறவள் ஒருத்தி இருக்கிறாள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மறுபரிசீலனைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். நீ ஒரே ஒரு காரியம் செய். அன்று சொன்னது தவறு, அண்ணனால் எதுவும் முடியாது, எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும் என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. நான் வேறெதுவும் கேட்கவில்லை.

உன் அண்ணி


மார்ச் 27

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. நான் ஏதோ வேண்டுமென்றே உங்கள் வயிற்றில் அடித்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நான் சொன்னபோது அண்ணனும் தலையாட்டினார். அதை ஏன் எழுதவில்லை?

நான் பொய் சொன்னேன் என்று நானே எப்படிக் கையெழுத்துப் போடுவது? ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியை நான். அந்தக் காகிதம் எங்கெங்கே போகும், யார் யார் படிப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். என் வீட்டுக்காரரும் வேண்டாம் என்கிறார்.

எதற்கு அண்ணி அந்தப் பிச்சைக் காசு? கண்டவர்களையெல்லாம் வீட்டுக்குள் விட்டு, அண்ணனின் அந்தரங்கத்தைக் கடை விரித்து வாங்குகிற பணம் நமக்கு ஒட்டுமா? மாதாமாதம் என்னால் ஆனதை நான் அனுப்புகிறேன். இந்த மாதத்துக்கு அனுப்பிவிட்டேன். என் அண்ணனுக்கு நான் செய்யாமல் யார் செய்வது? நீங்கள் வேலையை விட்டுவிடாதீர்கள், கைக்காசு உங்களுக்கும் வேண்டும். பகலுக்கு மட்டும் நம்பகமான ஆள் ஒன்று பாருங்கள்.

பாப்பா


ஏப்ரல் 8

பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய பணம் வந்தது. அதில் டயாப்பர் வாங்கினேன், புண்ணுக்கு மருந்து வாங்கினேன், தீர்ந்துவிட்டது. குறை சொல்லவில்லை, கணக்கும் காட்டவில்லை. அந்தப் பணத்துக்குப் பகலில் வீட்டோடு இருக்க எந்த நம்பகமான ஆள் வருவார் என்று நீயே விசாரித்துச் சொல்.

எந்தப் புண் என்று கேட்பாய். சென்ற வாரம் சூப்பர்வைசர் மத்தியானம் என்னை வெளியே விடவில்லை. லாரி வந்துவிட்டது, துணியெல்லாம் ஏற்றிவிட்டுத்தான் யாரும் நகரலாம் என்றாள். தையல்காரம்மாவும் அன்று ஊரில் இல்லை. காலையில் எப்படிப் படுக்க வைத்தேனோ அப்படியே சாயங்காலம் வரை கிடந்திருக்கிறார். தண்ணீர் எடுக்கக் கையை நீட்டி, சொம்பு கவிழ்ந்து, ஈரத்திலேயே கிடந்திருக்கிறார். முதுகுக்குக் கீழே தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. அவருக்கு வலிக்காது, அதுதான் கொடுமை. பார்க்கிற எனக்குத்தான் வலிக்கிறது. ஊர் நோயாளிகள் எல்லோருக்கும் சுருக்கமில்லாமல் பெட்ஷீட் மடித்துக் கொடுக்கிறேன், என் புருஷன் ஈரத் துணியில் கிடக்கிறார்.

நீ பிச்சை என்று எழுதினாய். நான் செய்கிற வேலைக்குக் கூலி அது. அதைத் தர வருகிறவர்கள் என்னிடம், அறையில் வாடை அடிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனாலும் உன்னைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இருபத்தொன்பதாம் தேதி திரும்பவும் வந்து பார்க்கப் போகிறார்கள். இதுவும் இல்லையென்று ஆகிவிட்டால் நான் வேலையை விடுவதைத் தவிர வழியில்லை. வேலையை விட்டால் வாடகைக்கு எங்கே போவேன்? எழுத உனக்குக் கை கூசினால் எழுத வேண்டாம். வந்து, போன தடவை நின்ற அதே இடத்தில் நின்று வாயால் சொல், போதும்.

உன் அண்ணி


ஏப்ரல் 22

அண்ணிக்கு,

அந்த வாரம் பள்ளியில் ஆய்வுக் குழு வருகிறது. என்னால் ஒரு நாள் கூட நகர முடியாது. தயவுசெய்து தப்பாக நினைக்காதீர்கள். புண் எப்படி இருக்கிறது? நல்ல டாக்டராகக் காட்டுங்கள், செலவை நான் தருகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பணத்துக்காக அண்ணனை அசிங்கப்படுத்திவிடாதீர்கள். யார் வந்தாலும் அந்த நீலச் சட்டையைப் போட்டுவிடுங்கள்.

பாப்பா


மே 26

பாப்பா அவர்களுக்கு,

உதவித்தொகை கிடைத்துவிட்டது. இந்த மாதத்திலிருந்து தருகிறார்கள். சலவைக் கூடத்தில் எனக்குப் பாதி நாள் வேலை. மத்தியானம் வீட்டில் இருக்கிறேன். புண் ஆறி வருகிறது.

எப்படிக் கிடைத்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

சம்பளம் போனாலும் போகட்டும் என்று இருபத்தொன்பதாம் தேதி லீவு போட்டேன். காலையில் எப்போதும் போல வெந்நீரும் துணியும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போனேன். "விடு, இன்னைக்குத் துடைக்காதே" என்றார். எனக்குப் புரியவில்லை. "என்ன பேசறீங்க? ஆள் வர்ற நேரம்" என்றேன். "வரட்டும். போன தடவை பாப்பா காட்டினது என்னை இல்ல. இன்னைக்கு நானே என்னைக் காட்டிக்கிறேன். நீ வெந்நீரை எடுத்துக்கிட்டுப் போ."

கெஞ்சினேன். சண்டை போட்டேன். உங்கள் அண்ணனின் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததில்லை. போன தடவை வந்த அதே அதிகாரிப் பெண் காலையிலேயே வந்திருந்தால் பரவாயில்லை. மத்தியானம்தான் வந்தாள். அதுவரை அவர் அப்படியே கிடந்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். கையில் எந்த வேலையும் ஓடவில்லை. எத்தனை ஷீட் துவைத்து என்ன, என் வீட்டுக் கட்டிலைத் தொட எனக்கு அனுமதி இல்லை.

அவள் உள்ளே வந்ததும் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனாள். பிறகு, கூச்சப்பட்டு இறக்கிவிட்டாள். நல்ல பெண். "ஐயா, நீங்களா எழுந்து போக முடியுமா?" என்று கேட்டாள். "முடியாதும்மா. எல்லாம் இவதான். இவ வேலைக்குப் போயிட்டா நான் இப்படித்தான் கிடப்பேன். நல்லா பார்த்து எழுதிக்க" என்றார். அவள் தயங்கித் தயங்கி, "போன தடவை உங்க தங்கச்சி வேற மாதிரி சொன்னாங்களே" என்றாள்.

சொல்லட்டும், இப்போதாவது உங்களைப் பற்றி உண்மையைச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அதற்காகவே காத்திருந்தேன்.

"அவளுக்குத் தெரியாதும்மா. அவ இங்க இருக்கிறதில்ல" என்றார்.

அவ்வளவுதான். அப்போதும் உங்களை விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பெண் போன பிறகு நான் அவரைக் குளிப்பாட்டினேன். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து விட்டத்தில் அடித்த பெயின்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. என்னோடும் அதிகம் பேசுவதில்லை. பணம் வருகிறது. அவர் முழுசாக இருந்த ஒரே இடம் அந்த வாய்தான், அதையும் அன்றைக்கே கொடுத்துவிட்டார். நாலு வரியில் முடிந்திருக்க வேண்டிய காரியம் இது. உங்களை நான் மன்னிக்கப் போவதில்லை.

நீலச் சட்டையை இதோடு அனுப்புகிறேன். "பாப்பாவுக்கே அனுப்பிடு, அவ வீட்டுக்காரருக்குச் சரியா இருக்கும்" என்று சொன்னார். துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டிருக்கிறேன். ஒரு சுருக்கம் இருக்காது, அது என் தொழில். இனிப் பணமும் அனுப்ப வேண்டாம்.

உங்கள் அண்ணனைப் பார்க்க நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம், நான் தடுக்க மாட்டேன். காலையில் வாருங்கள், நான் வேலைக்குப் போயிருப்பேன். அவரைத் துடைக்க வேண்டியிருந்தால், துணி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. போன தடவை நீங்கள் பையைத் தள்ளி வைத்தீர்களே, அதே இடத்தில்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணனின் மனைவி